கோழி நோய்த் தடுப்பு: சட்டம் என்ன சொல்கிறது, பணம் எங்கிருந்து வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவைக் காய்ச்சல் செய்தி வந்தாலே ஊரில் எல்லோரும் கேட்பது, கோழி சாப்பிடலாமா என்றுதான். கொட்டகை வைத்திருப்பவர்களின் கேள்விகள் வேறு. யாரிடம் சொல்ல வேண்டும்? சொன்னால் எல்லாக் கோழியையும் அழித்துவிடுவார்களா? அழித்தால் காசு வருமா? இந்தியச் சட்டத்தையும் அரசுத் திட்டங்களையும் வைத்து அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. பணம் பற்றிய பதில்கள் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். நோய் பரவுவதும் அடங்குவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முடிவாகிறது என்பது என் எண்ணம்.

கோழி நோயைக் கட்டுப்படுத்துவது மத்திய அரசின் பொறுப்பா, மாநில அரசின் பொறுப்பா?

இரண்டுக்கும் பங்கு உண்டு. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், கால்நடை நோய்த் தடுப்பும் கால்நடை மருத்துவமும் மாநிலப் பட்டியலின் 15ஆம் இனம். ஆனால் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குத் தொற்றுநோய் பரவாமல் தடுப்பது பொதுப்பட்டியலின் 29ஆம் இனம். பறவைக் காய்ச்சலுக்கு மாநில எல்லை தெரியாது என்பதால் மத்திய அரசு இதில் சட்டம் போடுகிறது, செயல்திட்டம் வகுக்கிறது, செலவில் பங்கு தருகிறது. கொட்டகை வாசலில் வந்து நிற்பவர்கள் மாநில அரசின் ஆட்கள்தான்: கால்நடை உதவி மருத்துவர், மண்டல இணை இயக்குநர், மேலே மாவட்ட ஆட்சியர்.

எந்தச் சட்டத்தின்படி இதெல்லாம் நடக்கிறது?

2009ஆம் ஆண்டின் விலங்குகளுக்கான தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். அதற்கு முன்பு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனிச் சட்டம் வைத்திருந்தது. ஒரு மாநிலத்தில் அறிவிக்க வேண்டிய நோய், பக்கத்து மாநிலத்தில் அப்படி இல்லாமலும் இருக்கும். இப்போது நாடு முழுவதற்கும் ஒரே அட்டவணை. பறவைக் காய்ச்சல் மட்டுமல்லாமல் ராணிக்கெட், கம்போரோ, மாரெக்ஸ் போன்ற கோழி நோய்களும் அதில் இருக்கின்றன. அட்டவணையில் உள்ள நோய் என்றால் கண்டதும் சொல்லியாக வேண்டும்.

பறவைக் காய்ச்சலுக்கு மட்டும் மத்திய அரசின் தனிச் செயல்திட்டம் ஒன்று இருக்கிறது. 2006இல் வகுத்ததை அனுபவத்தை வைத்துச் சில முறை மாற்றி, கடைசியாக 2021இல் திருத்தி வெளியிட்டார்கள்.

கோழி செத்தால் சொல்லியே ஆக வேண்டுமா? சொல்லாவிட்டால் என்ன தண்டனை?

வெயிலில் ஒன்றிரண்டு சாவது வேறு. அட்டவணையில் உள்ள நோயாக இருக்குமோ என்று சந்தேகப்படக் காரணம் இருந்தால் சொல்லியாக வேண்டும். உரிமையாளருக்கு மட்டுமில்லை, விஷயம் தெரிந்த மற்றவர்களுக்கும் அந்தக் கடமை உண்டு. கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ சொன்னால் அவர்கள் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். நேராக மருத்துவரிடமே சொல்வது இன்னும் நல்லது. நோயுற்ற பறவைகளைத் தனியே பிரித்து வைப்பதும் உரிமையாளரின் வேலை.

இந்தச் சட்டத்தை மீறினால் முதல் முறை 1,000 ரூபாய் வரை அபராதம், அடுத்த முறை 2,000 வரை. கட்டாவிட்டால் குறுகிய காலச் சிறை. செத்ததை ஆற்றிலோ குளத்திலோ வாய்க்காலிலோ போட்டால் அது தனிக் குற்றம்.

ஆயிரம் ரூபாய் என்பது பெரிய பண்ணைக்கு ஒரு வேளைத் தீவனத்துக்குக்கூடக் காணாது. ஆக, தண்டனைக்குப் பயந்துதான் எல்லோரும் சொல்வார்கள் என்று அரசே நினைக்க முடியாது. சொன்னால் முழுக்க நஷ்டப்பட மாட்டோம் என்ற நம்பிக்கைதான் வாயைத் திறக்க வைக்கும். அந்த நம்பிக்கையின் பெயர்தான் இழப்பீடு.

சொன்ன பிறகு என்ன நடக்கும்?

முதலில் மருத்துவர் வந்து பார்ப்பார். செத்த கோழிகளையும், உயிருள்ளவற்றின் தொண்டை, கழிவாய்த் துடைப்பு மாதிரிகளையும், ரத்தத்தையும் எடுப்பார்கள். முதற்கட்டப் பரிசோதனைக்கு வட்டார ஆய்வகங்கள் உண்டு. தென் மாநிலங்களுக்கான மண்டல ஆய்வகம் பெங்களூரில் இருக்கிறது. முடிவாக உறுதிப்படுத்துவது போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனம். மாதிரி குளிர்ச்சி கெடாமல் போபால் போய் முடிவு வரும்வரையிலான நாட்கள்தான் பண்ணையாளருக்கு மிகக் கொடுமையானவை. அந்த நாட்களில் கொட்டகையிலிருந்து கோழி, முட்டை, தீவனம், எரு எதுவும் வெளியே போகக் கூடாது.

நோய் உறுதியானால் அரசு அறிவிக்கை வரும். நோய் வந்த இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் தொற்றுப் பகுதி, 1 முதல் 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதி. தொற்றுப் பகுதியில் இருக்கும் கோழி, வாத்து, காடை எல்லாவற்றையும் விரைவுக் குழுக்கள் அழிக்கும். வீட்டுக்கோழியும் விலக்கில்லை. முட்டையும் தீவனமும் சேர்த்தே அழியும். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பார்கள், அல்லது எரிப்பார்கள். கேரளத்து வாத்துப் பகுதிகளில் கால் பதித்தால் தண்ணீர் ஊறும் நிலம் என்பதால் எரிப்பதே வழக்கம். அப்புறம் கிருமிநாசினி தெளிப்பு, சுத்திகரிப்புச் சான்றிதழ்.

அழிப்பு வேலை செய்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். முழுக் கவச உடையில், மூச்சு முட்டும் வெயிலில், நாள் முழுக்க அந்த வேலையைச் செய்கிறார்கள். வைரஸ் தடுப்பு மாத்திரையும் அதன்பின் உடல்நலக் கண்காணிப்பும் அவர்களுக்கு உண்டு. அந்த வேலை மனதில் விட்டுச்செல்லும் பாரத்துக்கு எந்தத் திட்டத்திலும் பணம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. ஒதுக்க வேண்டும்.

என் கோழிகளுக்கு நோயே இல்லை. 1 கிலோமீட்டருக்குள் இருப்பதால் மட்டும் அழிப்பது நியாயமா?

இதைக் கேட்கிறவரின் கோபம் நியாயமானது. அழிப்பதற்கும் காரணம் உண்டு. நோய்க்குறி தெரிவதற்கு முன்பே பறவை வைரஸை வெளியேற்றத் தொடங்கிவிடும். பக்கத்துக் கொட்டகைக்குக் காக்கையோ, தீவன வண்டியின் சக்கரமோ, ஆளின் செருப்போ ஏற்கெனவே கொண்டு போயிருக்கலாம். இந்தியாவில் முதன்முதலில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டம் நவாப்பூரில் நோய் உறுதியானபோது 3 கிலோமீட்டர் சுற்றளவுக்கு அழித்தார்கள். இப்போது அது 1 கிலோமீட்டராகச் சுருங்கியிருக்கிறது.

ஆக, நோயில்லாத உங்கள் கோழியை அழிப்பது மற்ற பண்ணைகளைக் காப்பாற்ற. ஊருக்காக ஒருவர் தன் பொருளைக் கொடுக்கிறார் என்றால், அதன் விலையை ஊர்ப் பணத்திலிருந்து கொடுக்கத்தானே வேண்டும்? இழப்பீட்டை அரசு தரும் உதவி, நிவாரணம் என்று பேசுவது தவறு என்று நான் சொல்வது இதனால்தான்.

இழப்பீடு எவ்வளவு? யார் தருகிறார்கள்?

கால்நடை சுகாதாரம் மற்றும் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், மாநிலங்களுக்கான உதவி என்ற பிரிவிலிருந்து பணம் வருகிறது. அந்தப் பிரிவில் பொதுவாக மத்திய அரசு 60, மாநில அரசு 40. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90க்கு 10. யூனியன் பிரதேசங்களுக்கு முழுவதும் மத்திய அரசு. பறவைக் காய்ச்சலில் அழித்த கோழி, முட்டை, தீவனத்துக்கான இழப்பீட்டில் மட்டும் மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதி.

2021 அலையின்போது நடைமுறையில் இருந்த விகிதம் இது: எட்டு வாரத்துக்கு மேற்பட்ட முட்டைக்கோழிக்கு 90 ரூபாய், அதற்குக் குறைந்த குஞ்சுக்கு 20. வளர்ந்த கறிக்கோழிக்கு 70. வளர்ந்த வாத்துக்கு 135. முட்டை ஒன்றுக்கு 3 ரூபாய், தீவனம் கிலோவுக்கு 12. மாநிலம் விரும்பினால் தன் பணத்தில் கூடுதலாகத் தரலாம். கேரளம் அதே ஆண்டு ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் நோய் வந்ததும் மாநிலப் பேரிடராக அறிவித்தது. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200, அதற்குக் குறைந்ததற்கு 100, முட்டைக்கு 5 ரூபாய் என்று அங்கே கொடுத்தார்கள்.

இப்போது நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக் கொட்டகையை வைத்து இந்தக் கணக்கைப் பாருங்கள். முட்டைக்கோழி ஏறத்தாழ 20ஆவது வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, 72 வாரம் வரைக்கும் அதற்குப் பிறகும் இடும். 20ஆவது வாரத்தில் நிற்கும் கோழி ஐந்து மாதத் தீவனத்தைத் தின்றிருக்கிறது, ஊசி மருந்தெல்லாம் போட்டாயிற்று, இன்னும் ஒரு முட்டைகூடக் கொடுக்கவில்லை. பண்ணையாளரின் பணம் முழுக்க அதற்குள் இருக்கிறது. 75 வாரக் கழிவுக்கோழியோ போட்ட பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கறிக்குப் போகக் காத்திருக்கிறது. அந்த இழப்பீட்டு அட்டவணையில் இரண்டுக்கும் அதே 90 ரூபாய். பத்தாயிரம் கோழிக்கு 9 லட்சம் என்றால் முன்னவருக்கு அது பெரிய இழப்பு, பின்னவருக்கு ஓரளவு ஈடு. வயதைக் கொண்டு நாலைந்து படியாகப் பிரித்தாலே இந்த அநியாயம் பெருமளவு தீரும். கூடுதல் பணம் அதிகம் தேவைப்படாத திருத்தம் இது.

ஏற்கெனவே செத்த கோழிக்கு இழப்பீடு உண்டா?

இல்லை. அரசு அழித்த பறவைக்கு மட்டும்தான். கொடுமையாகத் தெரிந்தாலும், இந்த விதியின் பின்னால் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. முந்திச் சொன்னவருக்கு நிறையக் கோழி உயிரோடு இருக்கும், நிறையப் பணம் கிடைக்கும். தாமதித்தவருக்குப் பாதி செத்திருக்கும், பணமும் பாதிதான். பறவைக் காய்ச்சலில் எச்5என்1 போன்ற கடும் வகை நுழைந்த கொட்டகையில் சில நாளிலேயே பெரும்பாலானவை செத்துவிடும் என்பதால் ஒவ்வொரு நாளும் கணக்கில் வரும்.

ஆனால் இந்த யோசனை வேலை செய்ய இரண்டு நிபந்தனை உண்டு. தொகை ஓரளவாவது சந்தை மதிப்பை ஒட்டி இருக்க வேண்டும், சீக்கிரம் கைக்கு வர வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் பண்ணையாளரின் மனக்கணக்கு வேறு மாதிரி ஓடும்: இன்று இரவே வண்டி பிடித்து, உயிரோடிருப்பதைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம். அந்த ஒரு வண்டி மூன்று மாவட்டத்துக்கு நோயைக் கொண்டு போகும். 2008இல் மேற்கு வங்கத்தில் சுமார் 40 லட்சம் பறவைகளை அழிக்க வேண்டி வந்தபோது, மக்கள் கோழிகளை வீட்டுக்குள் ஒளித்து வைத்ததும் கடத்தியதும் பெரிய தடையாக இருந்தது. அவர்களைக் குற்றம் சொல்வது எளிது. நாலு கோழியே சேமிப்பாக உள்ள வீட்டில் அந்த நாலையும் கேட்டுப் போய் நிற்கும்போது, கையில் பணத்தோடு நிற்க வேண்டும்.

பணம் எவ்வளவு நாளில் வரும்?

அழிப்பு நடக்கும்போதே எண்ணிக்கை எழுதி, உரிமையாளர் கையெழுத்து வாங்கி, உடனடியாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் திட்டத்தின் நோக்கம். மாநிலம் தன் கையிலிருந்து முதலில் கொடுத்துவிட்டு, மத்தியப் பங்கைப் பிறகு கேட்டுப் பெறலாம். மாநிலம் மத்தியப் பங்குக்காகக் காத்திருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். வங்கிக் கடனுக்கு வட்டி அந்த மாதங்களிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. குஞ்சு வாங்கிய பில், தீவனப் பில், தினசரி இறப்புப் பதிவேடு, முட்டைப் பதிவேடு இவற்றின் ஒரு பிரதியைக் கொட்டகைக்கு வெளியே வைத்திருங்கள். அழிப்பு நாளில் உள்ளே இருக்கும் காகிதமும் கிருமிநாசினியில் போய்விடும். எண்ணிக்கைப் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்த்துக் கொடுக்கிறேன். இழப்பீடு எனக்கா, கம்பெனிக்கா?

பல்லடம் பக்கம் பெரும்பாலோரின் கேள்வி இது. ஒப்பந்த முறையில் குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனியுடையவை. கொட்டகையும் உழைப்பும் மின்சாரமும் உங்களுடையவை. இழப்பீடு பறவைக்கும் முட்டைக்கும் தீவனத்துக்கும்தான் என்பதால் அது உரிமையாளரான கம்பெனிக்குப் போகும். வளர்ப்புக் கூலி இழப்புக்கும், கொட்டகை காலியாகக் கிடக்கும் மாதங்களுக்கும் அரசு அட்டவணையில் இடமில்லை. நோயை முதலில் கண்ணால் பார்ப்பவர் வளர்ப்பவர்தான், அவருக்கே சொல்வதால் பைசா லாபமில்லை என்பது இந்த ஏற்பாட்டில் பெரிய ஓட்டை. அரசு அதை அடைக்கும்வரை, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்: அரசு உத்தரவால் அழித்தால் அந்த வயதுக்குரிய வளர்ப்புக் கூலியைக் கம்பெனி தர வேண்டும். நாலு பேர் சேர்ந்து கேட்டால் மறுப்பது கடினம்.

பறவைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டால் இவ்வளவு தொல்லை இல்லையே?

கடும் வகைக்கு இந்தியாவில் தடுப்பூசி அனுமதி இல்லை. கண்டுபிடி, அழி என்பதுதான் கொள்கை. ஊசி போட்ட கோழி நோய்க்குறி காட்டாமல் வைரஸைச் சுமக்கலாம், கண்காணிப்பு சரியில்லாவிட்டால் நோய் இருப்பதே தெரியாமல் போகும் என்பது ஒரு கவலை. வாங்கும் நாடுகள் இறக்குமதியை நிறுத்திவிடும் என்பது இன்னொன்று. வீரியம் குறைந்த எச்9என்2 வகைக்குப் போபால் நிறுவனம் தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. 2023 அக்டோபரிலிருந்து அங்கே பண்ணை வாத்துகளுக்குக் கட்டாய ஊசி. முதல் ஆண்டு செலவில் 85 சதவீதத்தை அரசே ஏற்றது, அடுத்த ஆண்டு 70. முன்பு நூற்றுக்கணக்கில் இருந்த பண்ணைத் தொற்றுகள் அந்தப் பருவத்தில் பத்து அளவுக்கு இறங்கின. ஆனால் ஊசியோடு இடைவிடாத பரிசோதனைக்கும் பணம் கொட்டினார்கள். அந்த ஆய்வக வலிமை இல்லாமல் ஊசியை மட்டும் இங்கே கொண்டுவருவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆய்வகத்தை வளர்த்துக்கொண்டு, கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளில் தொடங்கிப் பார்ப்பது பற்றிப் பேச்சாவது நடக்க வேண்டும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு அரசு என்ன செய்கிறது?

புறக்கடைக் கோழி வளர்க்கும் பெண்களுக்குப் பறவைக் காய்ச்சலைவிட இதுதான் அன்றாட எதிரி. ராணிக்கெட் நோய் என்பதும் இதுவே. 1920களின் இறுதியில் இன்றைய உத்தராகண்டில் உள்ள ராணிக்கேத் பகுதியில் கண்டறிந்ததால் இங்கே அந்தப் பெயர் வந்தது. ராணிப்பேட்டைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, ஆனால் தமிழ்நாட்டில் இதற்கான தடுப்பூசியைத் தயாரிப்பது ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம்தான். பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் இருவாரக் கோழிக்கழிச்சல் முகாமில் இலவசமாகப் போடுவார்கள். கோடை தொடங்கும் முன் போட்டுவிட வேண்டும் என்பதால்தான் பிப்ரவரி. காலையில் கோழியைத் திறந்துவிடும் முன் கொண்டு போங்கள், பிறகு பிடிப்பது பெரும்பாடு.

பண்ணையைப் பதிவு செய்ய வேண்டுமா?

ஆம். 2025 ஏப்ரலில் மத்தியக் கால்நடைத் துறை அறிவித்த மூன்று அம்ச நடவடிக்கையில் ஒன்று, எல்லாக் கோழிப் பண்ணைகளும் மாநிலத் துறையிடம் ஒரு மாதத்துக்குள் பதிய வேண்டும் என்பது. உயிரிப் பாதுகாப்பைக் கடுமையாக்குவதும் கண்காணிப்பைக் கூட்டுவதும் மற்ற இரண்டு. பதிவு என்றதும் வரி வருமோ என்று தயங்குகிறார்கள். பக்கத்தில் நோய் வந்தால் உங்களை எச்சரிக்கவும், இத்தனை கோழி இருந்தது என்று பின்னால் நிரூபிக்கவும் அந்தப் பதிவுதான் உதவும்.

அழித்த பிறகு எப்போது மறுபடி குஞ்சு இறக்கலாம்?

சுத்திகரிப்புச் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து ஏறத்தாழ மூன்று மாதம் பின்கண்காணிப்பு நடக்கும். 15 நாளுக்கு ஒருமுறை சுற்றுவட்டாரத்தில் மாதிரி எடுப்பார்கள். அதற்குள் குஞ்சுக்கு முன்பணம் கொடுத்து வைக்காதீர்கள். துறையின் எழுத்துபூர்வ அனுமதி வந்த பிறகு போதும்.

எங்கோ ஒரு மாநிலத்தில் நோய் வந்தால் நாமக்கல் முட்டை ஏற்றுமதி ஏன் நிற்கிறது?

வாங்கும் நாடு பெரும்பாலும் இந்தியா முழுவதையும் ஒன்றாகத்தான் பார்க்கும். இதற்கு மாற்றாகத்தான் தனிக்கூறு முறை வந்தது. உயிரிப் பாதுகாப்பு கடுமையாக உள்ள பண்ணைத் தொகுப்பைத் தனியாக நோயற்றது என்று அறிவிக்கலாம். மகாராஷ்டிரம், தமிழ்நாடு, உத்தரப் பிரதேசம், சத்தீஸ்கர் ஆகிய நான்கு மாநிலங்களில் 26 தனிக்கூறுகளுக்கான இந்தியாவின் அறிவிப்பை உலக விலங்கு நல அமைப்பு 2023இல் ஏற்றது. பெரிய பண்ணைகளுக்கு நல்ல வழி. ஐந்தாயிரம் கோழி வைத்திருப்பவரால் தனியாக அந்தச் செலவைத் தாங்க முடியாது, கூட்டாகச் சேர்ந்தால் முடியும்.

கோழியும் முட்டையும் சாப்பிடலாமா?

நன்றாக வேகவைத்தால் சாப்பிடலாம். 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்வரை வெந்தால் வைரஸ் அழியும். அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். செத்த கோழியை அறுக்கவே கூடாது.

இன்று காலை கொட்டகையில் வழக்கத்தைவிட நிறையக் கோழி செத்துக் கிடக்கிறது. முதலில் என்ன செய்வது?

கதவை மூடுங்கள். உள்ளே போன செருப்போடும் உடையோடும் வெளியே நடக்காதீர்கள், வேறு கொட்டகைக்கும் போகாதீர்கள். தீவன வண்டியையும் முட்டை வண்டியையும் வர வேண்டாம் என்று சொல்லுங்கள். செத்ததை நீங்களே புதைக்காதீர்கள், நாய் இழுக்காமல் மூடி வையுங்கள். மருத்துவருக்கு மாதிரி வேண்டும். எத்தனை செத்தன, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று எழுதி வையுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் கிடைக்காவிட்டால் கால்நடை உதவி எண் 1962.